‘ஞா’வைக் காணோமுங்!

திங்கட்கிழமை காலை. பீளமேட்டு டிராஃபிக்கில் முக்கால் மணி நேரம் வெந்து, ஆபீசுக்குள் நுழைந்து, ஃபேனைப் போட்டு உட்கார்ந்தால்... எதிரே ஒரு மஞ்சப்பை. பைக்குப் பின்னால் எங்கள் பம்புசெட் கம்பெனியின் பழைய லேத் ஆபரேட்டர் அண்ணன்.

“ஏனுங் தம்பி, ஒரே ஒரு எழுத்துத்தானுங் தப்பு. மாத்திக் குடுத்தீங்கன்னா ஒரு நிமிசத்துல போயிருவேனுங்!”

ஒரு நிமிஷம் நான்கு நாளான கதைதான் இது.

விஷயம் இதுதான். 2006-ல் அவர் இருந்த யூனிட்டை மூடியபோது நாலு பக்கத்தில் ஒரு சர்வீஸ் சர்டிபிகேட் கொடுத்திருந்தார்கள். சேர்ந்த வருஷம், சம்பள உயர்வு, வேலை பார்த்த பிரிவு எல்லாம் தமிழில். அதில் அவருடைய இனிஷியல் ‘நா’ என்று விழுந்துவிட்டது. ஆதாரில் ‘ஞா’. பதினெட்டு வருஷத்துக்கு மேல் யாருமே கவனிக்கவில்லை. இப்போது அம்பத்தெட்டு தாண்டி, பென்ஷனுக்கு மனுப் போட்டால், “இனிஷியல் ஒத்துப் போகவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் சரியான சர்டிபிகேட் கொண்டு வா” என்று திருப்பிவிட்டார்கள்.

“எங்கய்யன் பேரையே மாத்திப் போட்டீங்களேங்!” என்றார். கோபமில்லை. வழக்கமான கோவைக் குசும்புதான். ஆனால் மஞ்சப்பையைப் பிடித்திருந்த கை லேசாக நடுங்கியது.

டைப் அடித்த டி.டி.பி. ஃபைல் பழைய கம்ப்யூட்டரோடு காயலான் கடைக்குப் போய் யுகமாகிறது. மிச்சம் இருந்தது ஒரு சி.டி.யில் ஒரு பி.டி.எஃப். முதலாளியிடம் கேட்டேன். “திருத்திக் கொண்டாங்க, இன்னைத் தேதி போட்டு நானே புதுசா கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்றார். (பழைய கையெழுத்தை வைத்துக்கொண்டு மேலே இருக்கும் எழுத்தை மட்டும் மாற்றுவது திருத்தம் இல்லை சார், திருட்டு! அதில் நான் கறார்.)

எடிட் பட்டனை அமுக்கினேன். ‘நா’வை அழித்து ‘ஞா’ அடித்தேன். விழுந்தது ஒரு கட்டம். காலியான சதுரக் கட்டம்! மறுபடி அடித்தேன். இரண்டு கட்டம். அண்ணன் எட்டிப் பார்த்து, “எங்கய்யன் பேரு டப்பாவாட்ட இருக்குதுங்களே!” என்றார்.

ஏன் இப்படி? பி.டி.எஃப். என்பதை அமெரிக்காவின் அடோபி கம்பெனி 1993-ல் கொண்டு வந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜான் வார்னாக்கின் யோசனை. நோக்கம் ஒன்றே ஒன்று: கோவையில் பார்த்தாலும் கொலம்பியாவில் பார்த்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும். திருத்துவதற்காக அதைப் படைக்கவே இல்லை. பக்கம் மாறாமல் இருக்க ஃபாண்டையும் ஃபைலுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுகிறார்கள். அதிலும் ஒரு சிக்கனம். முழு ஃபாண்டும் போகாது, அந்த ஆவணத்தில் வந்த எழுத்துக்கள் மட்டும்தான் போகும். எங்கள் சர்டிபிகேட் நாலு பக்கத்தில் ‘ஞ’ ஒரு இடத்தில்கூட இல்லை. இல்லாத எழுத்தைக் கேட்டால் பாவம், அது எங்கே போகும்?

அண்ணனுக்கு இதை விளக்கினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “காஸ்டிங் மாதிரின்னு சொல்லுங். வார்த்த பொறவு பல்லு ஒண்ணு கொறையுதுன்னா ஒட்ட வெக்க முடியாதுங். பேட்டர்ன்ல இருந்து திரும்ப வரோணும்!”

நான் பத்து நிமிஷம் பேசியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

சரி, பேட்டர்னுக்கே போவோம் என்று எல்லாவற்றையும் காப்பி செய்து வேர்டில் ஒட்டினேன். தமிழ் போய் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியது. வைரஸ் என்று பயந்துவிடாதீர்கள்! அந்தக் காலத்து டி.டி.பி. ஃபாண்டுகள் செய்த வேலை அது. இங்கிலீஷ் எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்திருந்தார்கள். பாமினி ஃபாண்டில் ‘தமிழ்’ என்று நம் கண்ணுக்குத் தெரிவது, கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன்! வானவில்லுக்கு ஒரு கணக்கு, ஸ்ரீலிபிக்கு ஒரு கணக்கு. ஒருவர் அடித்ததை இன்னொருவர் திறந்தால் கிரந்தமா, கிறுக்கலா என்றே தெரியாது.

இந்தக் கூத்துக்கு முடிவு கட்டும் ஆணை ஒன்று நம் ஊர் மாநாட்டோடு சேர்ந்துதான் வந்தது என்பது பலருக்கு ஞாபகம் இருக்காது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியாவில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததே... அவினாசி ரோடே திருவிழாவாக இருந்ததே... கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அந்த ஜூன் மாதம்தான் தமிழக அரசு யுனிகோடைத் தமிழுக்கான தரமாக அறிவித்து ஆணை போட்டது. அது சரிப்படாத இடத்துக்கு டேஸ்-16 என்று இன்னொன்றும் சேர்த்தது. அதற்கு முன் 1999-ல் சென்னை தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று இரண்டு தரங்கள் வந்திருந்தன. எங்கள் சர்டிபிகேட் பிறந்தது 2006-ல். ஆணைக்கு நாலு வருஷம் மூத்தது. அது எந்தத் தரத்துக்கும் கட்டுப்படாத பிள்ளை.

செவ்வாய்க்கிழமை குறுக்கு வழியில் போனேன். பிரிண்ட் எடுத்து, ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓ.சி.ஆர். சாஃப்ட்வேரிடம் கொடுத்தேன். (கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி, டாக்ஸில் திறந்தாலே தமிழைப் படித்துத் தரும்.) அடடா! பளிச்சென்று யுனிகோடில் நாலு பக்கம். ‘ஞா’வைப் போட்டேன், உட்கார்ந்தது. வெற்றிக் களிப்பில் அண்ணனை வரச் சொல்லிப் பிரிண்டைக் கையில் கொடுத்தேன்.

கண்ணாடியை மாட்டினார். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

“தம்பி... நான் சேர்ந்தது 1983ங். இதுல 1988ன்னு இருக்குதுங்.”

மங்கிய பிரிண்டில் 3-ஐ 8 என்று படித்திருக்கிறது மெஷின். எழுத்துப் பிழையாக இருந்தால் கண்ணை உறுத்தியிருக்கும். எண் உறுத்தாது. பார்க்க அழகாகவே இருக்கும்!

“அஞ்சு வருசத்த அப்படியே முழுங்கிப் போட்டீங்களேங்!” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையெழுத்தாகிப் போயிருந்தால் பென்ஷன் கணக்கில் ஐந்து வருஷம் போயிருக்குமே. இனிஷியலைச் சரி செய்யப் போய் இடுப்பை முறித்திருப்பேன்.

புதன்கிழமை ஒழுங்கான வழி. காப்பி செய்தபோது வந்த கிறுக்கலைப் பார்த்து அது பாமினி என்று ஊகித்து, யுனிகோடுக்கு மாற்றித் தரும் கன்வர்ட்டரில் போட்டேன். இதில் மெஷின் எதையும் ‘பார்த்துப் படிப்பது’ இல்லை. ஒரு குறிக்குப் பதில் இன்னொரு குறி, அவ்வளவுதான். எண்கள் எண்களாகவே வந்து சேர்ந்தன. டேபிள் மட்டும் கலைந்து போனது, கையால் கட்டினேன். பிறகு பக்கத்து சீட் நண்பர் பழையதை உரக்க வாசிக்க, நான் புதியதில் டிக் போட்டேன். பள்ளிக்கூடத்தில் டிக்டேஷன் எழுதியது போல இருந்தது.

கடைசியில் வேர்டிலிருந்து பி.டி.எஃப். ஆக்கும்போது ஆப்ஷன்ஸுக்குள் போய் ‘பி.டி.எஃப்./ஏ’ என்று இருக்கும் கட்டத்தில் டிக் போட்டேன். ஃபாண்டு கட்டாயம் உள்ளே போகும், இன்னும் இருபது வருஷம் கழித்துத் திறந்தாலும் பக்கம் அப்படியே தெரியும். வேர்டு ஃபைலையும் பத்திரமாகச் சேமித்தேன். பேட்டர்ன் முக்கியமாச்சே!

முதலாளி வெளியூர் போயிருந்ததால் கையெழுத்துக்குக் காத்திருந்தேன். அதற்குள் விஷயம் பரவி என் மேஜை ஆஸ்பத்திரி ஓ.பி. மாதிரி ஆகிவிட்டது. ஆளாளுக்கு ஒரு வியாதி.

ஸ்டோர்ஸ் தம்பிக்கு இ-ஆதார் திறக்கவில்லை. பாஸ்வேர்டு அவர் கையிலேயே இருக்கிறது: பெயரின் முதல் நாலு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், கூடவே பிறந்த வருஷம். திறந்ததும் கையெழுத்தில் மஞ்சள் கேள்விக்குறி! போலி என்று அர்த்தமில்லை. கையெழுத்துச் சான்றிதழை உங்கள் கம்ப்யூட்டருக்கு இன்னும் அறிமுகம் இல்லை, அவ்வளவே. அதன் மேல் ரைட் கிளிக் செய்து ‘வேலிடேட் சிக்னேச்சர்’ வழியாகச் சான்றிதழைப் பார்த்து, நம்பகமானது என்று சேர்த்தால் டிக் ஆகிவிடும்.

டெஸ்பாட்ச் நண்பருக்கு ஃபைல் சைஸ் பெரிதாம், போர்ட்டல் ஏற்கவில்லையாம். கருப்பு வெள்ளைக் காகிதத்தைக் கலரில் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் யார்தான் ஏற்பார்கள்? கிரேஸ்கேலில் 150, 200 போதும். ‘இலவசமாகச் சுருக்கித் தருகிறோம்’ என்று இன்டர்நெட்டில் கூப்பிடும் இடங்களில் பான் கார்டையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் ஏற்றாதீர்கள். முன்பின் தெரியாதவரிடம் பீரோ சாவியைக் கொடுப்பீர்களா? திரையில் சரியாகத் தெரிந்து பிரிண்டரில் மட்டும் கட்டம் விழுந்தால், பிரிண்ட் பெட்டியில் அட்வான்ஸ்டு போய் ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’. முடிந்தது.

எனக்கு உண்மையிலேயே பயம் தந்தது அக்கவுன்ட்ஸ் தம்பி கொண்டு வந்ததுதான். சம்பளப் பட்டியலில் பேங்க் நம்பர்கள் மேல் கருப்புக் கட்டம் வரைந்து வெளியே அனுப்ப இருந்தார். கட்டத்தின் மேல் மவுஸை இழுத்து, காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டிக் காட்டினேன். நம்பர் அத்தனையும் பல்லிளித்தது! மேலே சாணி மெழுகினால் கீழே கோலம் அழியவா செய்யும்? 2019 ஜனவரியில் அமெரிக்காவில் டிரம்ப்பின் முன்னாள் பிரசாரக் குழுத் தலைவர் பால் மானஃபோர்ட்டின் வக்கீல்களே இந்தக் குழியில் விழுந்தார்கள். கோர்ட்டில் கருப்படித்துக் கொடுத்த வரிகளை நிருபர்கள் காப்பி-பேஸ்ட் செய்து படித்துவிட்டார்கள். ‘ரிடாக்ட்’ என்று தனிக் கருவி இருக்கிறது, அது அடியோடு எடுத்துவிடும். அது இல்லாதவர்கள் கருப்படித்ததைப் பிரிண்ட் எடுத்து ஸ்கேன் செய்து அனுப்பலாம்.

வியாழன் சாயங்காலம் முதலாளி வந்தார், கையெழுத்துப் போட்டார். சீலும் விழுந்தது. அண்ணன் நாலு பக்கத்தையும் மறுபடி விரல் வைத்துப் படித்தார். ‘ஞா’ மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது. மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. “என்னங்கண்ணா?”

“கடைசி வரியில 23 வருசமுன்னு இருக்குதுங்களே தம்பி...”

“ஆமாங்?”

“ஒண்ணுமில்லீங். விரல் வுட்டு எண்ணிப் பார்த்தேனுங். சரியாத்தான் இருக்குது!”