தொலைக் கோளின் காற்றை அறிய அயலார் தொலைநோக்கி

புது தில்லி: 124 ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள கே2-18பி என்ற கோள் தன் விண்மீனின் முன்னே கடக்கையில், அதன் வளிமண்டலத்தை ஊடுருவும் ஒளியில் எந்த அலைநீளங்கள் குறைகின்றன என்பதைக் கொண்டே அங்குள்ள வாயுக்கள் கணிக்கப்படுகின்றன. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் பதிவுகளில் 2023-இல் மீத்தேன் புலப்பட்டது. 2025-இல், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் டைமெதில் சல்ஃபைடின் அறிகுறியும் தென்படுவதாக, வாராணசியில் பொறியியல் பயின்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நிக்கு மதுசூதனின் குழு அறிவித்தது. உயிரினம் கண்டாயிற்று என்று கொண்டாடியவர்கள் அவசரப்பட்டனர். அதே பதிவுகளை ஆராய்ந்த வேறு குழுக்கள் சான்று போதாது என்றன.

மீண்டும் நோக்கினால்தான் ஐயம் தீரும். அதற்கான கருவி இந்தியாவிடம் இல்லை. 2015-இல் இஸ்ரோ ஏவிய ஆஸ்ட்ரோசாட் பெரும்பாலும் எக்ஸ் கதிர், புற ஊதாக் கதிர்களுக்கானது. இவ்வாயுக்கள் தடம் பதிப்பதோ அகச்சிவப்பில். வெப் தொலைநோக்கியின் நேரத்தை இந்திய ஆய்வாளர்கள் அமெரிக்காவின் பால்டிமோருக்கு விண்ணப்பித்து, உலகோருடன் போட்டியிட்டே பெற வேண்டியுள்ளது.