மின்சாரம் போன பிறகு எது ஓட வேண்டும்?
வீட்டுக்கு பேட்டரியும் இன்வெர்ட்டரும் பொருத்தும் முன் போட வேண்டிய கணக்கு

'பேரிடர் காலத்தில் நம் வீடு' என்ற தலைப்பில் ஒளியேறிய கருத்தரங்கில், ஜொகூர் நேயர்களிடமிருந்து அதிகமாக வந்த கேள்வி ஒன்றுதான்: "மின்சாரம் தடைப்பட்டால் சமாளிக்க எவ்வளவு பெரிய பேட்டரி வாங்கலாம்?" நேரமின்மையால் அரங்கில் சுருக்கமாகவே பதில் சொல்ல முடிந்தது. அதை இங்கே விரிவாகத் தருகிறேன்.

கடைக்குப் போவதற்கு முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. "மின்சாரம் போன பிறகு என் வீட்டில் எது கட்டாயம் ஓட வேண்டும்? எத்தனை மணி நேரம் ஓட வேண்டும்?" இதற்குப் பதில் தெரிந்தால் பேட்டரியின் அளவு தானாகத் தெரிந்துவிடும். தெரியாமல் வாங்கினால் பணமும் வீண், அவசரத்துக்கும் உதவாது.

ஜொகூரில் இதற்குத் தேவை உண்டா?

தீபகற்ப மலேசியாவில் ஒரு வாடிக்கையாளர் ஆண்டு முழுவதும் சந்திக்கும் மின்தடை சராசரியாக ஒரு மணி நேரத்திற்கும் குறைவுதான். 2012ஆம் ஆண்டு வாக்கில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் ஒரே நாளில் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அங்குள்ள நம் உறவினர்கள் வீடுகளில் இன்வெர்ட்டர் சாதாரணப் பொருளாகிவிட்டதற்கு அதுவே காரணம். நமக்கு அந்த நிலை இல்லை.

ஆனால் சராசரி என்பது வேறு, நம் வீட்டில் நடப்பது வேறு. 1996 ஆகஸ்டு 3ஆம் தேதி மாலை தீபகற்பம் முழுவதும் இருளில் மூழ்கியது பலருக்கும் நினைவிருக்கும். 2022 ஜூலை 27ஆம் தேதி நண்பகலில் தீபகற்பத்தின் பல இடங்களில் மின்சாரம் தடைப்பட்டது. நமது ஜொகூர் யோங் பெங்கில் உள்ள முதன்மைத் துணை மின்நிலையத்தில் ஏற்பட்ட கருவிக் கோளாறே அதற்குக் காரணம்.

இவற்றைவிட நமக்கு நெருக்கமானது வெள்ளம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, செகாமட், பத்து பகாட், மூவார் வட்டாரங்களைத் தாக்கிய வெள்ளத்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். 2023 மார்ச் மாதத்திலும் ஜொகூரில் 40,000க்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் தங்க நேர்ந்தது. வெள்ளக் காலத்தில் துணை மின்நிலையத்திற்குள் நீர் புகுந்தால், பாதுகாப்புக் கருதி தெனாகா நேஷனல் அதை அடைத்துவிடும். அப்போது, மேட்டில் இருக்கும் வீட்டிலும் மின்சாரம் இருக்காது. நமது பேட்டரி கைகொடுக்க வேண்டிய நேரம் அதுதான்.

நான்கு பாகங்கள்

இந்த அமைப்பில் நான்கு பாகங்கள் உண்டு. மின்சாரத்தைச் சேமிப்பது பேட்டரி. மின்சாரம் இருக்கும்போது அதை நிரப்புவது சார்ஜர். பேட்டரியில் இருக்கும் 12 அல்லது 24 வோல்ட் நேர் மின்சாரத்தை நம் வீட்டுச் சாதனங்களுக்கு ஏற்ற 230 வோல்ட் மாறு மின்சாரமாக மாற்றுவது இன்வெர்ட்டர். வெளியிலிருந்து வரும் மின்சாரத்தையும் பேட்டரி மின்சாரத்தையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைப்பது மாற்றுச் சுவிட்ச். சார்ஜரும் இன்வெர்ட்டரும் பெரும்பாலும் ஒரே பெட்டிக்குள் வருகின்றன. நான்காவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

காகிதமும் பேனாவும் போதும்

ஓர் எடுத்துக்காட்டுக்கு, ஸ்கூடாயில் உள்ள ஒரு தாமான் வீட்டை எடுத்துக்கொள்வோம். 9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, மொத்தம் 36 வாட். காற்றாடி ஒன்று, 60 வாட். இணைய மோடம் 10 வாட். இரண்டு கைப்பேசிகளுக்கு 14 வாட். எல்லாம் சேர்த்து 120 வாட். ஆறு மணி நேரம் ஓட வேண்டுமென்றால் 120 பெருக்கல் 6, அதாவது 720 வாட்-மணி தேவை.

இன்வெர்ட்டர் மாற்றும்போது கொஞ்சம் மின்சாரம் வெப்பமாக வீணாகும். அதையும் சேர்த்தால் சுமார் 850 வாட்-மணி ஆகிறது. ஈய-அமில பேட்டரியின் ஆயுளைக் காக்க வேண்டுமென்றால் அதில் பாதியளவுதான் பயன்படுத்தலாம். ஆகவே 1,700 வாட்-மணி கொள்ளளவு வேண்டும். இதை 12ஆல் வகுத்தால் சுமார் 142 ஆம்பியர்-மணி. கடையில் கிடைக்கும் 150 ஆம்பியர்-மணி பேட்டரி பொருந்தும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால் எண்பது விழுக்காடு வரை தாராளமாகப் பயன்படுத்தலாம். அதில் 100 ஆம்பியர்-மணி போதும்.

இதே பட்டியலில் இன்னொரு காற்றாடியைச் சேர்த்துப் பாருங்கள். ஈய-அமில பேட்டரி 142லிருந்து 212 ஆம்பியர்-மணிக்கு ஏறிவிடும். ஒரே ஒரு காற்றாடிக்கு இவ்வளவு வித்தியாசம்! விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

சூடாக்கும் சாதனங்களைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். 600 வாட் ரைஸ் குக்கரில் அரை மணி நேரம் சோறு ஆக்கும் மின்சாரத்தில் 60 வாட் காற்றாடி ஐந்து மணி நேரம் சுற்றும். தண்ணீர் கேத்தல் 2,000 வாட்டும், குளியலறைச் சுடுநீர்க் கருவி 3,000 வாட்டுக்கு மேலும் இழுக்கக்கூடியவை. சமையலுக்கு கேஸ் அடுப்பு இருக்கிறது. ஏர்கோனுக்காகக் கணக்குப் போட்டால் செலவு பல மடங்காகிவிடும்.

குளிர்சாதனப் பெட்டி வேறு வகை. அதன் மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். சிறிய இன்வெர்ட்டர் அப்போதே நின்றுவிடும். கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் உள்ளே குளிர் நான்கு மணி நேரம் வரை தாங்கும். குறுகிய மின்தடைக்கு அதை இணைக்க வேண்டிய அவசியமே இல்லை.

நோயாளி இருக்கும் வீடு

பட்டியலின் முதல் வரியில் வர வேண்டியது மருத்துவச் சாதனம். வீட்டில் பயன்படுத்தும் ஆக்சிஜன் செறிவூட்டிக் கருவி சுமார் 300 வாட்டுக்கு மேல் எடுக்கும். ஆறு மணி நேரத்திற்கே 1,800 வாட்-மணி ஆகிவிடும். மேலே சொன்ன விளக்கும் காற்றாடியும் சேர்ந்த கணக்கைப்போல் இது இரண்டரை மடங்கு. அப்படிப்பட்ட வீட்டில் பேட்டரியை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. மாற்றாக ஆக்சிஜன் சிலிண்டர் வைப்பது பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். வெள்ள எச்சரிக்கை வந்தால் முதலில் இடம் மாற்றப்பட வேண்டியவர் அந்த நோயாளிதான்.

இன்சுலின் பயன்படுத்துவோர் நம்மில் அதிகம். அதைக் காக்க ஒரு பெரிய பெட்டியையே ஓட்டத் தேவையில்லை. குளிர்காப்புப் பையும் ஐஸ் கட்டியும் போதும். ஆனால் மருந்து ஐஸ் மீது நேரடியாகப் படக்கூடாது. உறைந்துபோன இன்சுலின் பயன்படாது.

எந்த பேட்டரி?

காரிலிருந்து கழற்றிய பழைய பேட்டரியை வைக்கலாமா என்று ஒரு நேயர் கேட்டார். கூடாது. கார் பேட்டரி சில வினாடிகளுக்கு அதிக மின்சாரம் கொடுத்து என்ஜினைக் கிளப்புவதற்காகச் செய்யப்பட்டது. மணிக்கணக்கில் மின்சாரத்தை வடித்தெடுத்தால் அதன் மெல்லிய தகடுகள் விரைவில் கெட்டுவிடும்.

விற்பனையாளர்கள் லித்தியம் பேட்டரியை ஆயிரக்கணக்கான தடவை நிரப்பலாம் என்று சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் ஜொகூரில் ஆண்டுக்குச் சில தடவை மட்டுமே பயன்படும் பேட்டரிக்கு அந்த எண்ணிக்கை பெரிதல்ல. இங்கே பேட்டரியைக் கொல்வது வெப்பமும் கவனக்குறைவும்தான். ஈய-அமில பேட்டரி இருக்கும் இடத்தின் வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். வெயில் படும் கார் நிறுத்துமிடமும், காற்றோட்டமில்லாத மாடிப்படிக்குக் கீழ் அறையும் அதற்கு ஏற்ற இடமல்ல. சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். இது தீப்பற்றக்கூடியது. காற்றோட்டம் கட்டாயம் தேவை. சாமி விளக்கு ஏற்றும் இடத்திற்கு அருகில் வைக்க வேண்டாம்.

இன்வெர்ட்டரில் 'தூய சைன் அலை' என்று குறிப்பிட்டதையே வாங்குங்கள். மலிவான வகையில் காற்றாடி உறுமும், மோட்டார்கள் சூடாகும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையிலான கம்பி தடிமனாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். 12 வோல்ட்டில் 1,000 வாட் எடுத்தால் அந்தக் கம்பியில் 80 ஆம்பியருக்கு மேல் ஓடும். சாதாரண வீட்டுக் கம்பி அதில் உருகிவிடும். பேட்டரி முனைக்கு அருகிலேயே பியூஸ் இருப்பதும் அவசியம்.

உயிரைப் பறிக்கும் குறுக்குவழி

இப்போது நான்காவது பாகத்துக்கு வருவோம். இரண்டு முனையிலும் பிளக் உள்ள ஒரு கம்பியை இன்வெர்ட்டரிலோ ஜெனரேட்டரிலோ செருகி, மறுமுனையைச் சுவரில் உள்ள பிளக்கில் செருகினால் வீடு முழுவதும் விளக்கு எரியும் என்று சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

காரணம் எளிது. தெரு முனையில் உள்ள மின்மாற்றி 11,000 வோல்ட்டைக் குறைத்து நம் வீட்டுக்கு அனுப்புகிறது. நாம் வீட்டிலிருந்து மின்சாரத்தைத் திருப்பி அனுப்பினால் அதே மின்மாற்றி தலைகீழாக வேலை செய்து 230 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திவிடும். மின்சாரம் இல்லை என்று நம்பி, கொட்டும் மழையில் நமக்காகக் கம்பியைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் ஊழியரின் கையில் அது பாயும். செருகப்படாத மறுமுனையின் வெறும் உலோகக் கால்களைத் தொடும் பிள்ளைக்கும் அதே கதிதான்.

மாற்றுச் சுவிட்ச் இருந்தால் இந்த ஆபத்து இல்லை. ஒரு பக்கம் திறந்தால்தான் மறுபக்கம் மூடும். அதை மெயின் சுவிட்ச் பெட்டியில் பொருத்துவது நாமே செய்யும் வேலை அல்ல. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகையாளரிடம், தகுதிச் சான்று பெற்ற மின்கம்பியாளரைக் கொண்டு செய்யச் சொல்லுங்கள். பேட்டரியில் ஓடும்போதும் மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று உங்கள் முன்னிலையில் சோதித்துக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை.

வாடகை வீட்டில் இருப்போர் கம்பி வேலை செய்ய முடியாது. அவர்கள், விளக்கையும் காற்றாடியையும் நேரடியாகச் செருகக்கூடிய, கையில் தூக்கும் பேட்டரிப் பெட்டியை வாங்கலாம். சுவரோடு சம்பந்தமில்லாததால் மின்சாரம் திரும்பிப் பாயும் பேச்சே இல்லை. ஜெனரேட்டர் வைத்திருப்போர் அதைச் சமையலறையிலோ முன்தாழ்வாரத்திலோ ஓட்ட வேண்டாம். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குபவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

வெள்ளம் வந்தால்

பேட்டரி வைத்திருப்போர் ஒன்றை மறக்கக்கூடாது. தெனாகா நேஷனல் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உங்கள் வீட்டுச் சுவருக்குள் மின்சாரம் இருக்கும். தண்ணீர் பிளக் உயரத்தை நெருங்கும்போது அது உதவியாக இருக்காது, எமனாகிவிடும். நீர் வீட்டுக்குள் வரும் முன்பே மெயின் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் அடைத்து, பேட்டரியின் இணைப்பையும் துண்டித்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் எல்லாருக்கும் அந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வெள்ளத்தில் நனைந்த பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் காயவைத்து மீண்டும் பயன்படுத்தக் கூடாது. தாழ்வான பகுதிகளில் வசிப்போர், முன்பு வெள்ளம் ஏறிய சுவர் அடையாளத்துக்கு மேலே தாங்கும் வலுவுள்ள தட்டில் அல்லது மேல்மாடியில் இவற்றை வைக்கலாம்.

கூரையில் சூரியத் தகடு போட்டவர்கள், தங்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று நினைக்கிறார்கள். பேட்டரி இல்லாமல் தெனாகா கம்பியோடு மட்டும் இணைந்த தகடுகள், வெளியே மின்சாரம் நின்றதும் பட்டப்பகலிலும் தாமாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரைக் காக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்தால்தான் தகடு அவசரத்துக்கு உதவும்.

மாதம் ஒரு மணி நேரம்

மின்தடை அரிதாக வரும் ஊரில், வாங்கிய பேட்டரியை மறந்துவிடுவது இயல்பு. மூன்றாண்டு கழித்து வெள்ளம் வரும் இரவில்தான் அது செத்துப்போனது தெரியவரும். மாதத்தில் ஒரு நாள் இரவு, வெளி மின்சாரத்தை அடைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேட்டரியிலேயே வீட்டை ஓட்டுங்கள். பிறகு உடனே முழுமையாக நிரப்பிவிடுங்கள். ஈய-அமில பேட்டரியைக் காலியாகப் போட்டு வைப்பதைவிட அதற்குப் பெரிய கேடு இல்லை. நீர் ஊற்றும் வகையானால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய் நீர் ஆகாது. ஆயுள் முடிந்த பேட்டரியைக் குப்பையில் போடாமல் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பது பழமொழி. இந்த வார இறுதியில் பத்து நிமிடம் ஒதுக்கி, குடும்பத்தாரோடு அமர்ந்து அந்தப் பட்டியலை எழுதுங்கள். அதோடு மெயின் சுவிட்சும் இன்வெர்ட்டர் சுவிட்சும் எங்கே என்பதைப் பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள். பேட்டரி வாங்குவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.