கசட்டு நிலத்தில் காற்றாடிகள்

தன்னைத் தோண்டுவோரையும் சுமந்து நிற்பதால், பொறுமைக்கு நிலத்தை உவமை கூறுவது தமிழ் மரபு. ஆயின் நிலத்தின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. தொழிற்சாலைகள் பல்லாண்டு காலம் கொட்டிய நச்சுக் கழிவை ஏற்ற நிலம் பயிருக்கு உதவாது, குடியிருப்புக்கும் ஆகாது. அத்தகைய நிலத்தை மீண்டும் பயன்படுத்தும் வழி ஏதும் உண்டா? இவ்வினாவுக்கு அமெரிக்க நகரொன்று விடை தேடிய வரலாறு அறியத்தக்கது.

ஐக்கிய அமெரிக்காவின் நியூ யோர்க் மாநிலத்திலே, ஈரி என்னும் பேரேரியின் கரையில், லக்கவன்னா என்றொரு சிறு நகர் உளது. உருக்கு ஆலையே இந்நகரை உருவாக்கிற்று. அங்கு முதலில் ஆலை அமைத்த கம்பனியின் பெயரே நகருக்கும் பெயராயிற்று. 1922 ஆம் ஆண்டில் அவ்வாலை பெத்லெகேம் உருக்குக் கம்பனியின் கைக்கு மாறியது. அது செழித்திருந்த காலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் அங்கு தொழில் செய்தனர். இரும்பை உருக்கும்போது பிரியும் கசடு ஏரிக்கரையில் மேடு மேடாகக் குவிந்தது. 1983 இல் உருக்கு உற்பத்தி நின்றது. 2001 இல் எஞ்சியிருந்த கற்கரி அடுப்புகளும் அணைந்தன. தொழில் போயிற்று, கழிவு மட்டும் நின்றது.

இத்தகைய நிலத்தைத் துப்புரவு செய்வோர், முதலில் மண்ணையும் நிலத்தடி நீரையும் பல இடங்களில் எடுத்துச் சோதித்து, எந்த நஞ்சு எவ்வளவு ஆழத்தில் உள்ளது என அறிவர். மிகக் கெட்ட மண்ணை அகழ்ந்து அகற்றுவர். எஞ்சியதை நல்ல மண்ணால் மூடுவர். ஆயினும் மூடப்பட்ட நஞ்சு அழிந்துவிடுவதில்லை. அங்கே கிணறு தோண்டுவதும், காய்கறி பயிரிடுவதும், குழந்தைகளை மண்ணில் விளையாட விடுவதும் தகா. காற்றாடிக்கோ இவை எதுவும் வேண்டியதில்லை. மண்ணில் விளைந்ததை உண்ணாமலும், கிணற்று நீரைப் பருகாமலும் வாழவல்ல குடி அது.

2007 ஆம் ஆண்டில் லக்கவன்னாவின் கசட்டு நிலத்தில், ஒவ்வொன்றும் 2.5 மெகாவாற்று வலுவுடைய 8 காற்றாடிகள் நாட்டப்பட்டன. ஸ்டீல் விண்ட்ஸ் என்பது அத்திட்டத்தின் பெயர். ஏரியின் மீது தடையின்றி வீசும் காற்று அங்கு உண்டு. ஆலைக்கென அமைந்த பாதைகளும் மின்கம்பித் தொடர்களும் அயலிலே இருந்தன. எனவே புதிய காட்டையோ கழனியையோ அழிக்க வேண்டிய தேவை எழவில்லை. தொடக்கத்திலேயே பற்சக்கரப் பெட்டிகளில் பழுது கண்டு, அவற்றைத் திருத்த நேர்ந்தது. எனினும் முயற்சி கைவிடப்படவில்லை. 2012 இல் மேலும் 6 காற்றாடிகள் சேர்ந்தன. மொத்த வலு 35 மெகாவாற்று ஆயிற்று.

2008 இல் அந்நாட்டின் சூழல் பாதுகாப்பு முகவரகம், மாசுற்ற நிலங்களில் இத்தகைய மின் நிலையங்களை ஊக்குவிக்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. மூடப்பட்ட குப்பை மேடுகளில் சூரிய ஒளித் தகடுகள் பரப்பப்படுகின்றன. மேலுள்ள மண் மூடியைத் துளைக்கலாகாது என்பதால், தூண்களைப் புதைக்காது, பாரமான கொங்கிறீற்றுக் கட்டைகளின் மீது தகடுகளைப் பொருத்துவதும் உண்டு.

இவை கண்டு மகிழ்வோர் மற்றொன்றையும் மறத்தலாகாது. 20,000 பேருக்குச் சோறிட்ட இடத்தில் நிற்கும் காற்றாடிகளைப் பேணச் சிலரே போதும். நிலம் ஓரளவு மீண்டது. இழந்த தொழில்கள் அவற்றால் மீளவில்லை. மேலும், கெட்ட நிலத்துக்கும் ஒரு பயன் உண்டென்பது, நல்ல நிலத்தைக் கெடுப்பதற்கு உரிமைச் சீட்டாகாது. மாசு செய்ய ஒரு தலைமுறை போதும்; அதைக் காவல் காக்கப் பல தலைமுறைகள் வேண்டும். கசட்டு மேட்டில் சுழலும் ஒவ்வொரு காற்றாடியும் மின்சாரத்துடன் இப்பாடத்தையும் சேர்த்தே வழங்குகின்றது.