நிமோனியாவுக்குத் துத்தநாக மாத்திரை பலன் தருமா?

மருந்து அட்டையில் 'ஜிங்க்' என்று அச்சிட்டிருக்குமே, அதுதான் துத்தநாகம். நோய் எதிர்ப்புச் செல்கள் சரியாக வேலை செய்ய இது சிறிதளவு அவசியம். இறைச்சியில் தாராளமாக உண்டு. தானியங்களிலும் பருப்பிலும் இருந்தாலும், கூடவே இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் அதை உடல் உறிஞ்ச விடுவதில்லை. சோற்றையே நம்பி வளரும் ஏழைக் குழந்தைகளுக்கு இது பற்றாமல் போவது இதனால்தான்.

வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலோடு துத்தநாகமும் 10 முதல் 14 நாள் கொடுக்கலாம் என்று 2004-ல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் அறிவித்தன. அப்படியென்றால் நிமோனியாவுக்கும் உதவுமா? அதே ஆண்டு பங்களாதேஷின் மத்லப் மருத்துவமனையிலிருந்து ஒரு நல்ல செய்தி வந்தது. கடும் நிமோனியா கண்ட, இரண்டு வயதுக்குட்பட்ட 270 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு அது. ஆன்டிபயாடிக்குடன் தினம் 20 மில்லிகிராம் துத்தநாகமும் பெற்றவர்கள் சுமார் ஒரு நாள் முன்னதாகத் தேறினார்கள்.

அதே வயது, அதே அளவு மருந்து என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் சோதித்தார்கள். மொத்தம் 299 குழந்தைகள். ஒரு பிரிவுக்குத் துத்தநாகம், மற்றதற்கு வெற்று மாத்திரை. 2006-ல் வெளியான முடிவு: மூச்சுத்திணறல் நீங்கிய நேரத்திலோ, வீடு திரும்பிய நாளிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. வெயில் காலத்தில் சேர்ந்த குழந்தைகளில், துத்தநாகம் பெற்றவர்களுக்கு நோய் சற்று நீடிக்கவும் செய்தது!

ஒரே மருந்துக்கு ஏன் இரண்டு பதில்? குழந்தைகளின் சத்துக் குறைபாட்டின் அளவோ, நோய்க் கிருமியோ ஊருக்கு ஊர் வேறுபட்டிருக்கலாம். ஓர் ஊரின் ஒரே ஆய்வை வைத்து எல்லா ஊருக்கும் மருந்து எழுத முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

இன்னொரு பக்கமும் உண்டு. நோய் வருமுன் தொடர்ந்து துத்தநாகம் கொடுத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நிமோனியா வருவது சுமார் 13 சதவீதம் குறைந்திருந்தது. காப்பதில் அதற்குப் பங்குண்டு. வந்த நோயை விரைவில் தீர்க்கும் என்று நம்பத்தான் போதிய ஆதாரம் இல்லை.

ஆகவே இருமலும் காய்ச்சலுமாகக் கிடக்கும் குழந்தைக்குச் சத்து மாத்திரை கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். சட்டையை விலக்கி ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இவற்றைத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். காலத்தில் கிடைக்கும் ஆன்டிபயாடிக்கும், தேவைப்பட்டால் ஆக்சிஜனும்தான் அந்த உயிரைக் காக்கும்.