காடை வேட்டையில் நாயின் பங்கு

அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்துத் தாமஸ்வில் நகருக்கும் புளோரிடாவின் தலைநகரான டாலஹாசிக்கும் இடையே, ரெட் ஹில்ஸ் என்று வழங்கும் செம்மண் மேட்டுப் பிரதேசம் ஒன்று இருக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பின் நொடித்துக் கிடந்த பண்ணைகளை, வடக்கேயிருந்து வந்த செல்வந்தர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒவ்வொன்றாக வாங்கி, குளிர்காலத்தில் வந்து தங்கிக் காடை வேட்டையாடும் இடங்களாக்கிக் கொண்டார்கள். கோவேறு கழுதைகள் இழுக்கும் வண்டி, குதிரையேறிய வழிகாட்டி, முன்னே ஓடும் இரண்டு நாய்கள் என்று அன்று ஏற்பட்ட முறை, இன்றும் சில பண்ணைகளில் அதிகம் மாறாமல் நடந்து வருகிறது. அந்த வேட்டையில் துப்பாக்கி பிடிப்பவனுடைய பங்கு மிகவும் சொற்பம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அங்கே வேட்டையாடப்படுவது பாப்வைட் என்னும் காடை. நம் ஊர்க் காடையின் சாயல் இருந்தாலும் இது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. எடை ஏறக்குறைய 170 கிராம். குளிர்காலத்தில் பத்துப் பன்னிரண்டு பறவைகள் ஒரு கூட்டமாக வாழ்ந்து, இரவில் வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல வால்களை உள்ளேயும் தலைகளை வெளியேயும் வைத்துத் தரையில் வட்டமாக ஒடுங்கிக்கொள்ளும். அபாயம் நெருங்கினால் பறக்காமல் புல்லுக்குள் பதுங்குவதும், இனித் தப்ப முடியாது என்ற கணத்தில் கூட்டம் முழுவதும் ஒருசேரப் பேரிரைச்சலுடன் கிளம்பித் திசைக்கொன்றாகச் சிதறுவதும் அதன் சுபாவம்.

இந்தச் சுபாவத்தைச் சார்ந்தே நாயின் கலை எழுந்திருக்கிறது. பாயிண்டர், செட்டர் ஆகிய இனத்து நாய்கள் காற்றுக்கு எதிர்முகமாக இப்படியும் அப்படியும் விரைந்தோடி நிலத்தைத் துழாவும். பதுங்கியிருக்கும் பறவைகளின் வாசனை மூக்கில் பட்டதோ இல்லையோ, ஓடிய வேகத்திலேயே ஸ்தம்பித்து, வாலை நிமிர்த்தி, சிலையாக நின்றுவிடும். இரையை மோப்பம் பிடித்த மிருகம் அதன்மேல் பாய்வதுதானே இயற்கை? பாயப் போகும் அந்த ஒரு கணத்து நிதானத்தை, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கி, நிமிஷக்கணக்காக நீட்டியிருக்கிறார்கள். அதைவிட எனக்கு ஆச்சரியம் தருவது இரண்டாவது நாயின் நடத்தை: தன் மூக்குக்கு எந்த வாசனையும் எட்டாதபோதும், தோழன் நிற்பதைக் கண்ட மாத்திரத்தில், அவனுக்குரிய மரியாதையைச் செலுத்துவது போல அதுவும் தூரத்திலேயே நின்றுவிடுகிறது. பிறகு வழிகாட்டி துப்பாக்கிக்காரர் இருவரை இருபுறமும் நிறுத்தி, தானே நடந்து சென்று பறவைகளைக் கிளப்புகிறார். அவை எழுந்தாலும், வெடி முழங்கினாலும், அனுமதி கிடைக்கும்வரை நாய்கள் அசையலாகாது. தாழப் பறக்கும் பறவையை ஒருபோதும் சுடலாகாது என்ற கண்டிப்பும் அந்த நாய்களையும் வழிகாட்டியையும் உத்தேசித்ததே.

இத்தகைய அடக்கம் அடித்து வருவதல்ல. குட்டிப் பருவத்தில் ஒரு கோல் நுனியில் சிறகைக் கட்டி ஆட்டிக் காட்டி, பின்னர் நீண்ட கயிற்றில் ஓடவிட்டு, 'வோ' என்ற ஒரே சொல்லுக்கு நிற்கப் பழக்கி, வெடிச் சத்தத்தைத் தூரத்திலிருந்து சிறிது சிறிதாகக் கேட்கச் செய்து மிரட்சியைப் போக்குகிறார்கள். ரெட் ஹில்ஸில் இந்த வித்தையில் தேர்ந்தவர்களில் பலர், தந்தையிடமிருந்து மகன் என்று வழிவழியாகக் கற்று வந்த கறுப்பின மக்கள். டென்னசி மாநிலத்து ஏம்ஸ் பண்ணையில், ஒவ்வொரு நாயும் மூன்று மணி நேரம் ஓடித் தன் திறமையைக் காட்ட வேண்டிய தேசியப் போட்டியில், 1917, 1919, 1920 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வென்ற மேரி மான்ட்ரோஸ் என்ற பெண் பாயிண்டரின் கீர்த்தி இன்றும் பேசப்படுகிறது; நாய்களின் பெயர் நிலைத்த அளவுக்கு, வண்டியோட்டியும் பயிற்றியும் ஆயுளைக் கழித்த அந்த மனிதர்களின் பெயர் நிலைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

நாய் எவ்வளவு சமர்த்தாக இருந்தும், நிலத்தில் பறவை இல்லையேல் பிரயோஜனம் ஏது? காடைகள் குறைவதைக் கண்டு கவலைப்பட்ட பண்ணையாளர்களின் ஆதரவில் 1924-ல் ஆராய்ச்சி தொடங்கிய ஹெர்பர்ட் ஸ்டாடர்ட், 1931-ல் வெளியிட்ட நூலில், நெருப்பே காட்டின் பரம சத்துரு என்று வனத்துறையினர் பிரசாரம் செய்துவந்த அந்தக் காலத்திலேயே, அளவறிந்து மூட்டும் நெருப்பு காடைக்கு அவசியம் என்று துணிந்து எழுதினார். பைன் மரங்களின் அடியில் அடர்ந்து மண்டும் புதரை நெருப்பு நீக்கினால்தான் குஞ்சுகள் நடமாட வெற்றுத் தரையும், அவை தின்று வளரப் பூச்சிகளும், பெரிய பறவைகளுக்கு விதை தரும் அவரையினச் செடிகளும் கிடைக்கும். அந்தச் சித்தாந்தத்தைத் தொடர்ந்து ஆராய 1958-ல் டால் டிம்பர்ஸ் நிலையம் அங்கேயே நிறுவப்பட்டது.

1960-களுக்குப் பிறகு அமெரிக்காவில் பாப்வைட்டின் தொகை ஐந்தில் நான்கு பங்குக்குமேல் குறைந்துவிட்டது. பல இடங்களில் கூண்டில் வளர்த்த பறவைகளைக் கொண்டுவந்து விட்டு வேட்டை நடத்துகிறார்கள். அவற்றில் பல வலுவாகப் பறப்பதில்லை. அந்தச் செலவில் ஒரு பகுதியையேனும் நிலத்தைப் பேணுவதில் போட்டால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. பிப்ரவரி இறுதியையொட்டி வேட்டைக்காலம் முடிந்ததும் துண்டு துண்டாக நிலத்துக்கு நெருப்பிடும் ரெட் ஹில்ஸ் பண்ணைகளில், காட்டுக் காடை இன்றும் செழிப்பாகவே இருக்கிறது.