தாத்தா பாட்டி வீடும் ஒரு பள்ளியே

'நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை' என்பது பழமொழி. தாத்தா பாட்டியிடம் ஆண்டுக்கணக்கில் தங்கி வளரும் பிள்ளை யாரைப் போல இருக்கும்? பெற்றோர் வெளியூரில் பணியாற்றுவதால், ஆரணியில் தாத்தா பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கும் மாணவியருள் நானும் ஒருத்தி. இது எனக்கு மூன்றாம் ஆண்டு.

பண்டிகைக்கு இரண்டு நாள் வந்து போகும் பேத்தி அந்த வீட்டில் விருந்தாளி. அவளுக்குப் பலகாரம் கிடைக்கும்; வீட்டின் உழைப்பு கண்ணில் படாது. நீண்ட நாள் தங்குபவளே அதை அறிவாள். நான் அறிந்ததைத் தோழியருக்கும் பெரியோருக்கும் கூற விரும்புகிறேன்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்தது ஆரணி. இவ்வூர்ப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற சிறப்புடையது. ஆயினும் ஆரணிச் சேலைக்கு வேண்டிய கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும், ஜரிகை குஜராத்தின் சூரத் நகரிலிருந்தும் வருகின்றன. பட்டுப்புழு உமிழும் இழையின் மேல் இயற்கையான பசை ஒன்று உண்டு. அது இழையின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகும். சோப்பு கலந்த நீரில் கொதிக்க வைத்து அதைப் போக்கிய பின்னரே பட்டுக்குப் பளபளப்பும் மென்மையும் வருகின்றன. அதன் பிறகு சாயம் ஏற்றுவார்கள்.

சேலையின் நீளவாட்டில் செல்லும் இழைகள் பாவு. குறுக்கே செல்பவை ஊடை. பழைய பாவு தீரும்போது, புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகளையும் விரலில் சிறிது சாம்பல் தொட்டு, ஒன்றொன்றாக முறுக்கிச் சேர்ப்பார்கள்.

தாத்தா தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்ந்து, மிதியை மிதித்து, நாடாவை ஓட்டி நெய்வார். அவர் தலைக்கு மேலே இருப்பது ஜக்கார்டு பெட்டி. எந்த இழை மேலே எழ வேண்டும் என்பதை அதிலுள்ள அட்டைகளின் துளைகள் தீர்மானிக்கின்றன. பிரான்சு நாட்டு ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ல் உருவாக்கிய இம்முறை, பிற்காலத்தில் கணிப்பொறிக்கும் வழிகாட்டியது. பாடநூலில் கணிப்பொறியைப் படிக்கும் நான், அதன் மூதாதையின் கீழே அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறேன்!

பாட்டியோ விடியற்காலையிலேயே ராட்டையின் முன் அமர்ந்து, ஊடைக்கான தார் சுற்றத் தொடங்கிவிடுவார். சிக்கிய பட்டை அறுக்காமல் பிரிப்பதில் அவருக்கு நிகர் அவரே. தார் தீர்ந்தால் தறி நின்றுவிடும். ஆனால் கூலி சேலைக் கணக்கில், தாத்தாவின் பெயரில் மட்டுமே எழுதப்படுகிறது. ஐம்பது ஆண்டுகளாகத் தார் சுற்றிய பாட்டிக்கென்று அதில் ஒரு வரி கூட இல்லை. இதைக் கேட்டபோது பாட்டி சிரித்துவிட்டு, "வீட்டு வேலைக்கு யாராவது கணக்கு எழுதுவாங்களா கண்ணு?" என்றார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் விடை தெரியாத கணக்காகவே இருக்கிறது.

இந்தியாவில் 2009-10-ல் எடுத்த கணக்கெடுப்பில் கைத்தறித் தொழிலாளர் 43.31 லட்சம் பேர். 2019-20 கணக்கெடுப்பில் 35.22 லட்சம் பேரே இருந்தனர். பத்தே ஆண்டுகளில் எட்டு லட்சம் பேர் குறைந்துவிட்டனர். எங்கள் தெருவிலும் இளைஞர்கள் பலர் தறியை விட்டு வேறு வேலைக்குச் செல்கின்றனர். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. தாத்தாவே, "நீ இந்தக் குழியில் இறங்க வேண்டாம்மா, நல்லாப் படி" என்கிறார். முழங்கால் வலியோடு நெய்பவர் வேறெப்படிச் சொல்வார்?

ஆயினும், ஒரு வேலையைத் தெரிந்துகொள்வது வேறு. அதைத் தொழிலாகக் கொள்வது வேறு. தாத்தாவின் சொல்லைத் தட்டாமல் படிக்கிறேன். பள்ளி விட்டு வந்ததும் பாட்டியிடம் அரைமணி நேரம் தார் சுற்றப் பழகுகிறேன். அவர்கள் வாயில் வழங்கும் தறிச் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பாட்டிக்குக் கண் மங்குகிறது; மெல்லிய இழையின் நுனியை நான்தான் தேடிக் கொடுக்கிறேன். முதியோரோடு நீண்ட நாள் தங்குவதில் பெறுவதும் உண்டு, தருவதும் உண்டு.

2015 முதல் ஆகஸ்டு 7-ஆம் நாள் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்த நாளுக்காகக் காத்திராமல், தோழியரே, வரும் விடுமுறையிலேயே உங்கள் தாத்தா பாட்டியோடு சில வாரங்கள் தங்குங்கள். அவர்கள் என்ன வேலை செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள். அந்தக் கூலி யார் பெயரில் எழுதப்பட்டது என்பதையும் மறவாமல் கேளுங்கள்.

– பத்தாம் வகுப்பு மாணவி