வாய்பாட்டின் எல்லை

சிகாமட்டுப் பள்ளியொன்றில் 39 மாணவர் பயிலும் வகுப்பின் மதிப்பெண் விரிதாளை எண்ணிப் பார்ப்போம். 2 ஆம் வரிசை முதல் 40 ஆம் வரிசை வரை மாணவர். வேறொரு தாளில் பாடந்தோறும் சராசரி, உயர்ந்த மதிப்பெண், தேர்ச்சி பெற்றோர் தொகை ஆகியவற்றுக்குரிய வாய்பாடுகள். ஆண்டின் இடையே மூவர் சேர்ந்தால் பட்டியல் 43 ஆம் வரிசை வரை நீளும். நடுவில் வரிசைகளைச் செருகினால் வாய்பாடுகளின் எல்லை தானே விரியும். இறுதியில் சேர்த்தாலோ பழைய இடத்திலேயே நின்றுவிடும்.

அந்நிலையில், தேடி மாற்றும் வசதியால் 40 என்பதை எங்கும் 43 ஆக்கிவிடலாமென நாம் கருதக்கூடும். கணினி தேடுவது எழுத்தையே, பொருளையன்று. தேர்ச்சி மதிப்பெண்ணும் 40 ஆயின், அதுவும் 43 ஆகும். 41 பெற்ற மாணவர் தேர்ச்சித் தொகையினின்று நீங்குவார். பிழைச் செய்தி ஏதும் தோன்றாது. ஆகவே, முக்காற்புள்ளியையும் நிரலெழுத்தையும் சேர்த்து ‘:பி40’ என்றாற்போலத் தேடுதல் வேண்டும். அதனினும் நன்று, ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண் பகுதிக்கும் பெயரிட்டு, வாய்பாடுகளில் அப்பெயரையே எழுதுதல்; பின்னர் அப்பெயருக்குரிய எல்லையை ஒருமுறை திருத்தினாலே போதும்.

இப்பிழை பள்ளியளவில் நிற்பதன்று. 2010 இல் பொருளியலறிஞர்கள் ரைன்ஹார்ட், ரோகாஃப் வெளியிட்ட அரசுக் கடன் ஆய்வில், 49 ஆம் வரிசை வரை செல்லவேண்டிய சராசரி 44 இலேயே நின்றது. 20 நாடுகளுள் ஐந்து விடுபட்டன. 2013 இல் அதனைக் கண்டறிந்தவர் தாமஸ் ஹெர்ன்டன் என்னும் ஆய்வு மாணவர்.

எல்லையைத் திருத்தியபின், கணக்கில் வந்தோர் எத்தனை பேர் என்பதை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுவோம். ஒரு மாணவரும் விடுபடலாகாது.